பல்லடத்தில் நிற்கும் டெம்போ

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. எங்கள் வீதியில் குடியிருக்கும் மருதாசலம், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்பவர், மரநாய் பிடித்த கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். கூண்டு வைத்தது, பூவன்பழத்துக்கு அது மயங்கியது, உடுமலைப் பக்கம் ஒரு தோப்பில் கொண்டுபோய் விட்டது. நானும் சிரித்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். “குட்டி ஏதும் இல்லீங்களா?” என்று கேட்டுவிட்டேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் வந்து மிச்சத்தையும் சொன்னார்.

2

முதல் தொடக்கம்: மாசி மாத வெயில் தகரக் கூரையின் மேல்...

(வேண்டாம். வெயிலில் தொடங்கி நின்றுபோன கதைகள் என்னிடம் ஏழு கிடக்கின்றன.)

இரண்டாவது: பெட்டிக்குள் போகவேண்டிய குழந்தைப் பனியன்கள், பால்வெள்ளை, மூன்றாவது முறையாக மஞ்சள் கறையோடு கிடந்தன. பக்கத்தில் போனால் பச்சரிசி வேகிற வாசம். யாரோ இங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று மருதாசலம் இரண்டு நாள் எல்லாரையும் கடிந்துகொண்டார். சீலிங்குக்கு மேலே மரநாய் குடியிருப்பதும், கறையும் வாசமும் அதன் மூத்திரம் என்பதும் பிறகுதான் தெரிந்தன. வெள்ளிக்கிழமை, சரக்கை வாங்கும் வெளிநாட்டுப் பையரின் ஆள் பார்வையிட வருகிறார். முதலாளி தரணீதரன் சத்தம் போடவில்லை. மருதாசலத்தையே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அதற்குச் சத்தமே போட்டிருக்கலாம்.

புதன்கிழமை காலை அது கூண்டில் இருந்தது.*

* வனத்துறைக்குச் சொல்லியிருக்க வேண்டும். அவர் சொல்லவில்லை. எழுதுகிற நானும் இப்போது உடந்தை.

3

இந்த இடத்தில் தேவிப்பிரியா என்று ஒரு பெண்ணைக் கொண்டுவந்தேன். செக்கிங்கில் வேலை, வீட்டில் கைக்குழந்தை. அவள் கூண்டைப் பார்த்ததும் அதன் மடி ஈரமாக இருப்பதைக் கண்டுபிடித்து...

அடித்துவிட்டேன். தாயைத் தாய்தான் அறிவாள் என்று எழுத எனக்கே கூச்சமாக இருந்தது. தேவிப்பிரியாவும் கைக்குழந்தையும் கதையை விட்டுப் போய்விட்டார்கள். அவள் போனபின் மடியைப் பார்க்க ஆளில்லை. அதனால் இப்படி எழுதினேன்: ‘அவசரத்தில் மருதாசலம் எதையும் கவனிக்கவில்லை.’

4

நடந்தது இதுதான். டெம்போவில் கூண்டை ஏற்றிப் பல்லடம் வழியாக உடுமலைக்குப் போய்த் தோப்பில் திறந்துவிட்டார். மதியம் திரும்பி வந்து கூரை ஓட்டையைச் சிமென்ட் வைத்து அடைத்தார். நாலு மணிக்கு டீ பிரேக். மெஷின்கள் நின்றன. மேலே சன்னமாக ஒரு கீச்சுச் சத்தம் கேட்டது.

சீலிங்கைப் பிரித்தால் தூசி அத்தனையும் வெள்ளைச் சரக்கின்மேல் கொட்டும். பையரின் ஆள் வந்து போகட்டும் என்றார்கள். வந்து போனார். கன்டெய்னர் ஏறட்டும் என்றார்கள். ஏறியது. மூன்று நாளும் டீ பிரேக்கில் மட்டும் அந்தச் சத்தம் கேட்டது. மெஷின் ஓடும்போது ஒன்றும் கேட்காது, நிம்மதி. சனிக்கிழமை அதுவும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மருதாசலம் தனியாகப் போய்ச் சீலிங்கைப் பிரித்தார். உள்ளே கட் வேஸ்ட்டை, வெட்டி மிஞ்சிய பனியன் துணித் துண்டுகளை, இழுத்துக் கட்டிய கூடு. அதில் என்ன இருந்தது என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. ஒரு முறை கேட்டதே போதும்.

5

எழுதியதை அவரிடம் கொடுத்தேன். விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். ‘எதையும் கவனிக்கவில்லை’ என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது.

“பாத்தனுங்க” என்றார்.

எனக்குப் புரியவில்லை.

“மடிய. காம்பெல்லாம் ஈரமா இருந்துச்சுங்க. பாத்துப்போட்டுத்தான் வண்டியில ஏத்துனனுங்க. இந்த வரிய அடிச்சுப்போடுங்க.”

உங்கள் நல்லதுக்காகத்தான் அப்படி எழுதினேன் என்றேன். அதெல்லாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். தாளைத் திருப்பிக் கடைசி வரிக்கு விரலைக் கொண்டுபோனார்.

“கடைசிய மட்டும் மாத்துங்க. கதையிலயாச்சும் அதையத் திருப்பிக் கொண்டாந்து உட்டுருங்க.”

6

அடித்துவிட்டேன். இப்போது இப்படி இருக்கிறது:

மருதாசலம் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் ஏற்றினார். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து பல்லடம் வந்தார். நால்ரோட்டில் இரண்டு தனியார் பஸ்கள் முட்டிக்கொண்டு நிற்க, டெம்போவும் நின்றது. பின்னால் கூண்டில் அது கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தது.

முதல் முடிவு: வண்டியைத் திருப்பச் சொல்கிறார். (எதனால்? திருப்பூரில் தெரிந்தே ஏற்றிய ஆள் பல்லடத்தில் ஏன் மனம் மாறுகிறார்? பத்து நாளாகத் தேடுகிறேன், காரணம் அகப்படவில்லை. பொய்க் காரணம் எழுதினால் அந்த விரல் அங்கேயும் வந்து நிற்கும்.)

இரண்டாவது முடிவு: பஸ்கள் விலகுகின்றன, டெம்போ நேராக...

என்னால் முடியவில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கும். அதனால் பஸ்களை அங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். உங்களிடம் காரணம் இருந்தால் வண்டியைத் திருப்புங்கள்.

பல்லடத்தில் இப்போது மணி பத்தரை. நாலு மணிக்கு மெஷின்கள் நிற்கும்.