எஃபீமின் வணக்கம்

எட்டு மாத முற்றுகையில் அன்று காலைதான் ரஷ்யக் கோட்டை நகரான செவஸ்தபோலின் நான்காம் கொத்தளத்தில் குண்டுகள் சற்று ஓய்ந்திருந்தன. தபால்காரன் கீழே குதிரைக்குச் சேணம் கட்டிக்கொண்டிருந்தான். எழுதத் தெரியாத சிப்பாய் லுக்யான், எழுதத் தெரிந்த ஸாவாவின் பக்கத்தில் பதுங்குகுழிக்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

ஊருக்குப் போகும் கடிதத்தில் பாதி வணக்கம்தான். அம்மாவுக்கு, ஞானத்தகப்பனுக்கு, பக்கத்து வீட்டுக்கு. ஒரு பெயர் விட்டுப்போனாலும் வருஷக்கணக்கில் மனஸ்தாபம்.

"படிக்கிறேன், கேளுண்ணே," என்றான் ஸாவா. "தம்பி எஃபீமும் சுகமா இருக்கான். அம்மாவுக்கும் தன் பெண்சாதி உஸ்தீனியாவுக்கும் மண்ணைத் தொட்டு வணக்கம்..." சட்டென்று நிறுத்தினான். "ஐயோ, கைப்பழக்கத்துல எழுதிட்டேன்."

வியாழக்கிழமை எஃபீமின் உடலைத் தூக்கிப் போனவர்களில் லுக்யானும் ஒருவன். ஆனாலும் 'சுகம்' என்று கேட்ட அந்த ஒரு கணம் லுக்யானின் மனம் நம்பிவிட்டது. அதுதான் அதிகம் வலித்தது.

"அடிச்சிடட்டுமா?"

உஸ்தீனியாவுக்கு இது பிரசவ மாதம்; சேதி கேட்டால் தாங்கமாட்டாள். சொல்லாவிட்டாலோ, பூசையில் தம்பியின் பெயரை உயிருள்ளவர்களோடு சேர்த்து வாசிப்பார்கள். அவன் ஆத்மாவுக்கென்று ஒரு ஜெபம் இராது. பனியில் நிற்பவனுக்குக் கதவைச் சாத்துவது போல.

"சீக்கிரம்ண்ணே! தபால்காரன் போயிட்டா அடுத்த வாரந்தான். அதுவரைக்கும் நாம இருந்தா!"

"அவன் பேர் எது? காட்டு."

ஸாவா காட்டினான். லுக்யான் பேனாவை வாங்கி அந்தப் பெயரின் தலையில் சிறிய சிலுவை ஒன்றைப் போட்டான். கோயிலில் இறந்தோர் பட்டியலின் உச்சியில் இருக்குமே, அது. ஊரில் கடிதத்தை வாசித்துக் காட்டும் சர்ச்சு ஊழியர், கோயில்பிள்ளை, ரகசியம் காக்கிற மனிதர். கண் சிலுவையைப் பார்க்கும். வாய் வணக்கத்தைப் படிக்கும். படிக்கத் தெரியாத பெண்களுக்குக் காது மட்டும்தானே. நாலு நாளில் முதல்முறையாக அவனுக்கு மூச்சு இறங்கியது.

தபால்காரன் கடிதத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

"பாவம், எஃபீம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்," என்று ஸாவா பேனாவைத் துடைத்தான். "'உஸ்தீனியா என் பேர் எதுன்னு கோயில்பிள்ளையக் காட்டச் சொல்லி, அது மேலயே முத்தம் குடுக்கிறாளாம். அழியாம அழுத்தி எழுதுடா'ன்னு."

எழுத்து தெரியாதவளுக்கும் சிலுவை தெரியும். லுக்யான் எழுந்து நின்றான். தலைக்கு மேலே குண்டொன்று ஊளையிட்டு வந்தது.

"குனிண்ணே!"

அவன் குனியவில்லை. பதுங்குகுழியை விட்டு ஏறி, குதிரை கிளப்பிய புழுதியைப் பார்த்து வெட்டவெளியில் ஓடினான்.