தன் பெயரைச் சொல்லாத பாட்டு

"அம்மா, சாமிக்குப் பாடுறவங்க சாமி பேரைச் சொல்றாங்க. இந்த எவரல் மட்டும் ஏன் தன் பேரையே சொல்லிக்கிறாரு?"

என் மகள் கேத்துரா ஆறு வயதில் கேட்டது இது. அப்போது எவரல் டல்லக், 'கிங் சஃபயர்' என்ற பேர்பெற்ற பாடகன் ஆகியிருந்தான். பாட்டு தொடங்குமுன் ஒருமுறை "கிங் சஃபயர்!", நடுவில் இருமுறை, முடிவில் ஒருமுறை. கர்த்தரின் பெயரை வீணாக வழங்காதே என்று கட்டளை உண்டு. தன் பெயரை வீணாக வழங்குகிறவனுக்கு மோசேயின் பலகையில் இடம் போதவில்லை போலும்.

அவனுக்கு முதல் மைக் கிடைத்தது என் கணவர் லென்ஃபர்டின் நேபோ சவுண்டில்தான். சவுண்ட் என்றால் பாட்டுத் தட்டு போடும் குழு; எங்களிடம் ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டிகள் எட்டு. கிங்ஸ்டனுக்கு மேற்கே எந்த ஆட்டம்பாட்டமானாலும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வயதில் காய்ந்த வயிறோடு வந்து நின்றவனுக்கு நான் பொரித்த மீனும் மரவள்ளி அடையும் கொடுத்தேன். அவர் மைக்கைக் கொடுத்தார்.

பிறகு லண்டன், டோக்கியோ, ஹாம்பர்க். ஊருக்கு வரும்போது இந்த வெயிலில் மயிர்த்தோல் கோட்டு. வாயில் மூன்று தங்கப் பற்கள். வானொலியில் கேட்டால், "நான் தானா முளைச்சவன்" என்றான். தானாக முளைப்பது களை.

எங்கள் ஊரில் இரண்டு சவுண்டுகள் மைதானத்தில் மோதும். பெயர்பெற்ற பாடகன் தன் பாட்டிலேயே உன் சவுண்டின் பெயரை வைத்து, உனக்கென்று மட்டும் பாடிக்கொடுக்கும் இசைத்தட்டுதான் ஆயுதம். தோற்றவனை அதற்குப் பிறகு யாரும் ஆட்டத்துக்கு அழைப்பதில்லை. முதல் மைக் கொடுத்த சவுண்டுக்குப் பாடகன் கேளாமலே ஒரு தட்டு கொடுப்பது முறை. பதினோரு வருடம் எவரல் கொடுக்கவில்லை, லென்ஃபர்டும் கேட்கவில்லை.

அந்த வருட ஈஸ்டர் திங்களுக்குப் 'பிளாக் கிரானைட்' என்ற புதுச் சவுண்டுப் பையன்கள் சவால் விட்டார்கள். ஊரெல்லாம் மாஸ் லென் என்று மரியாதையாக அழைக்கும் லென்ஃபர்ட், முதன்முறையாக எவரலிடம் கேட்கத் தொலைபேசியை எடுத்தார்.

"ஐயோ மாஸ் லென், இதை நீங்க கேக்கணுமா? உசுரையே தருவேன்!"

"உசுரு உங்கிட்டயே இருக்கட்டும்டா. ரெண்டு நிமிஷப் பாட்டு போதும்."

மோதல் பாதி முடிந்த பிறகுதான் அவனுடைய காரோட்டி தட்டைக் கொண்டுவந்தான். மைதான ஓரத்தில் மீன் பொரித்துக்கொண்டிருந்த நான் சட்டியை விட்டு ஓடினேன்.

"ஒருதரம் காதுல வச்சுக் கேட்டுட்டுப் போடுங்க."

"நம்ம பிள்ளை போட்ட சோத்துல கல்லு தேடுவாங்களா, ஐவி?"

மைக்கைப் பிடித்து, "என் பிள்ளை எனக்காகப் பாடியிருக்கான், கேளுங்க!" என்றார். ஊசி இறங்கியது.

"கிங் சஃபயர்! உலகத்தை ஆளும் ஒரே சவுண்ட்... ஹாம்பர்க் டைகர்!"

ஜெர்மனிக்காரர்களுக்குப் பாடிய தட்டு. எது யாருக்கு என்று பார்த்து அனுப்பக்கூட அவனுக்கு நேரமில்லை. மைதானமே சிரித்தது.

"மாஸ் லென், எப்ப ஜெர்மனிக்குக் குடிபோனீரு?" என்றாள் வேர்க்கடலை விற்கிறவள்.

லென்ஃபர்ட் ஊசியைத் தூக்கினார். தட்டைத் துடைத்து உறைக்குள் வைத்தார். வீட்டுக்கு வரும் வழியில், "கை மாறிப்போச்சு போல, பாவம்" என்றார்.

அதன் பிறகு எங்களை யாரும் அழைக்கவில்லை. பெட்டிகளைத் துணி போட்டு மூடினோம். ஒரு கோழி அவற்றின்மேலேயே முட்டையிட்டு அடைகாக்கப் பழகிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு எவரல் ஒரு பன்றித்தொடை அனுப்பினான். சபையின் விதவைகளுக்குக் கொடுத்துவிட்டேன். பன்றியின் மேல் எனக்குக் கோபமில்லை.

அடுத்த ஈஸ்டர் ஞாயிறு. ஆராதனை முடிந்து வந்தோம். கோழிக்குப் பக்கத்தில், பெயர் ஒட்டாத புதுத் தட்டு ஒன்று இருந்தது. தெருவே கோயிலில் இருந்ததால் யாரும் எதையும் பார்க்கவில்லை. எங்கள் தெரு எந்த நேரத்தில் காலியாக இருக்கும் என்பது தெரிந்தவன்தான் வந்திருக்கிறான்.

"இந்தத் தடவையாவது முதல்ல கேளுங்க" என்றேன்.

கேட்டோம். ஊர் ஊராகக் கத்தித் தேய்ந்த எவரலின் குரல். மேளம்கூட இல்லை. நேபோ என்று பாடியது. மாஸ் லென் மைக் கொடுத்தார் என்றது. மிஸ் ஐவி மீன் கொடுத்தார் என்றது. நான் உதட்டைச் சுழித்துக்கொண்டு அவன் பெயருக்காகக் காத்திருந்தேன். ஊசி நடுவட்டத்துக்குப் போய்க் கரகரத்தது. அந்தப் பெயர் வரவேயில்லை.

லென்ஃபர்ட் எழுந்து, கோழியை முட்டைகளோடு மெதுவாகக் கூடைக்கு மாற்றிவிட்டு, பெட்டிகளின் துணியை உருவினார்.