பேராசிரியர் வீட்டுக் குப்பை

ஸம்ஃபிராவுக்கு அடுத்தவர் வீட்டுக் குப்பை என்றால் காலைச் செய்தித்தாள் மாதிரி. யாஷி நகரத்தில் எங்கள் அடுக்ககத்தில் யார் வீட்டில் என்ன சமையல், யாருக்கு என்ன மாத்திரை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் குப்பையை யாரோ கிண்டுவதாகப் பேச்சு வந்தபோது மாதாகோவிலில் படத்தைத் தொட்டுச் சத்தியம் பண்ணியிருந்தாள், எவர் குப்பையிலும் கை வைத்ததில்லை என்று.

எதிர்வீட்டு வெதூரியாவின் கணவர் பாசிகளை ஆராய்ந்த பேராசிரியர். அவர் போனபின் அவளுக்கு ஒரே ஆசை: அவருடைய தாள்கள் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில், அவர் பெயர் எழுதிய பெட்டியில் இருக்க வேண்டும். அங்கிருந்து ஆள் வருகிறார் என்றதும் ஈஸ்டருக்கு வீடு துடைப்பதுபோல் இறங்கிவிட்டாள். கிறுக்கல், கசங்கல், காபிக் கறை எல்லாம் சாக்கில் ஏறிப் படிக்கட்டடிக்குப் போயின. மிஞ்சிய தட்டச்சுப் பிரதிகளை இஸ்திரி போட்டு ரிப்பன் கட்டினாள்.

காப்பகத்துக்காரர் திபேரியு வந்தார். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, ஒவ்வொரு தாளையும் பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் எடுத்தார். ஒரு ஜாடி ஸகூஸ்கா, அதாவது கத்திரிக்காய்த் தொக்கு, கொடுக்க வந்த சாக்கில் ஸம்ஃபிரா அங்கேயே நின்றாள். மனுஷன் காகிதத்துக்குக் காட்டும் மரியாதையைப் பார்த்து அவளுக்கே கொஞ்சம் பொறாமை.

"இதெல்லாம் புத்தகமா வந்தாச்சும்மா, நூலகத்துல இருக்கு. இந்த இடத்துக்கு வர்றதுக்குள்ள அவர் எங்க தடுமாறினாரு, எதை அடிச்சாரு, அது வேற எங்கயும் கிடைக்காது. அதுக்குத்தான் நாங்க இருக்கோம்," என்றார் திபேரியு.

மாணவர் விடுதிச் சாப்பாட்டுப் பட்டியல், வேலைநிறுத்தத் துண்டுப்பிரசுரம், பரீட்சையில் பிடிபட்ட பிட்டுக் காகிதம்கூடத் தங்களிடம் பத்திரமாக இருப்பதாகச் சொன்னார்.

"அவர் கிறுக்கினதையெல்லாம் தூக்கிப் போட்டுட்டேனே," என்றாள் வெதூரியா. அவிழ்ந்த ரிப்பனை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள்.

ஸம்ஃபிராவால் அதைப் பார்க்க முடியவில்லை. சத்தியம் பொய்யாகுமே, மானம் போகுமே என்று யோசித்துப் பார்த்தாள். பிறகு தன் வீட்டுக்குப் போய் சாக்குகளை இழுத்து வந்தாள். பாதித் தாள்கள் அவள் அலமாரியில் ஸகூஸ்கா ஜாடிகளுக்கு அடியில் விரிந்து கிடந்தவை.

"அப்போ நம்ம கட்டடத்துக் குப்பையைக் கிண்டுற எலி நீதானாடி?" என்றாள் வெதூரியா.

"எலின்னா கடிச்சிருக்கும். நான் படிச்சேன், அவ்வளவுதான்."

திபேரியுவின் காதில் இதெல்லாம் ஏறவில்லை. சாக்கிலிருந்து எடுத்த ஒரு டிராம் டிக்கெட்டில் ஒட்டியிருந்த பாசித் துணுக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தாளில் ஜாடி விட்ட எண்ணெய்க் கறையைத் துடைக்க ஸம்ஃபிரா ஏப்ரன் நுனியை எடுத்தபோது மட்டும் பதறிக் கையைப் பிடித்தார். அப்படியே இருக்க வேண்டுமாம். இவை எப்படிக் கிடைத்தன என்பதையும் பெட்டியோடு எழுதி வைப்பார்களாம்.

"வீட்டு மூலையில கிடந்துச்சுன்னு எழுதுங்களேன்," என்று குழைந்தாள் ஸம்ஃபிரா.

"பொய்யை எழுதி வைக்கவா காப்பகம்?"

வெதூரியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உள்ளதையே எழுதுங்க. நான் குப்பைன்னு வீசினேன், எதிர்வீட்டு ஸம்ஃபிரா பொறுக்கிக் காப்பாத்தினா."

ஸம்ஃபிரா முகம் சிவந்து நின்றாள். பிறகு கேட்டாள்: "என் பேரு பெட்டி மேலயே இருக்குமா?"

"உள்ள இருக்கும்," என்றாள் வெதூரியா, ஸகூஸ்கா ஜாடியைத் திறந்தபடி. "அவர் பேருக்குக் கீழ. சின்னதா."