ஸ்டேஷனரி வந்த வீடு

எங்கள் ஊரில் பெண் பார்க்க வரும் நாளில் நாற்காலி, ஜமக்காளம், காபி டபராவோடு ஓர் ஆங்கிலச் சொல்லையும் வாடகைக்கு எடுப்பது வழக்கம். கூடத்தில் உட்கார வைத்தால் போதும். இது இங்கிலீஷ் இருக்கிற வீடு என்று வருகிறவர்களுக்குத் தெரிந்துவிடும். இரவல் என்று தெரிந்தால் சம்பந்தம் முறியும்.

சிந்துஜா அக்காவுக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. போட்டோவை மூன்று விதமாகச் சாய்த்துப் பார்த்தாள். "இது மட்டும் கெட்டுப்போச்சு, உன்னைக் கொன்னுடுவேன்டி" என்றாள் என்னிடம். என் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

வாடகைப் பாத்திரக்கடை ஆறுச்சாமியிடம் முகூர்த்த நாளில் நல்ல சொல் எதுவும் மிச்சமில்லை. "ஸ்டேஷனரி ஒண்ணு இருக்குதுங்க. ஜோடிதான். இன்னொருத்தன் வெளியூர் போயிட்டான்" என்றார். ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு ஸ்டேஷனரிகள். ஒருவருக்குப் பேனா, ரப்பர் விற்கிற வேலை. மற்றவருக்கு அசையாமல் இருக்கிற வேலை. எங்களுக்கு வந்தது எவர் என்று ஆறுச்சாமிக்கும் தெரியாது. உட்காரத்தானே போகிறார் என்று அப்பா கூட்டிவந்துவிட்டார். சாம்பல் நிறக் கோட்டு. கேசரி வைத்தோம், சாப்பிடவில்லை.

பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளை நவநீதன், அவருடைய அம்மா, தாய்மாமன் நாச்சிமுத்து. கடைசியாக, சாம்பல் நிறக் கோட்டில் இன்னொரு ஸ்டேஷனரி.

"இவரு எங்க ஊட்லயேதானுங்க இருக்காரு" என்றார் நாச்சிமுத்து மாமா. "சோத்துக்கு உக்காந்தாக்கூட இவரு பக்கத்துல இருக்கோணும்."

"எங்க ஊட்லயும் அப்படித்தானுங்க" என்றார் அப்பா. "புள்ளைங்களுக்கு இவருதான் தாலாட்டு."

பஜ்ஜி நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது ஆறுச்சாமி டெம்போவில் வந்து இறங்கினார். சாயங்காலம் ஒரு வளைகாப்புக்கு நாற்காலியும் சொல்லும் போதவில்லையாம். கூடத்தை எட்டிப் பார்த்தார்.

"அட, ரெண்டு பேரும் இங்கயேதான் இருக்கறீங்களா? ஏறுங்க வண்டில."

இரண்டு பேரும் எழுந்து போனார்கள்.

"இந்தச் சம்பந்தம் சரிப்படாதுங்க" என்றார் அப்பா. "இந்தச் சம்பந்தம் சரிப்படாதுங்க" என்றார் மாமா. ஒரே மூச்சில். இரண்டு மறுப்பும் ஜமக்காளத்தில் அருகருகே விழுந்தன. ஒரே அளவு, ஒரே கனம். அப்பா ஒன்றை எடுத்தார்.

"அது எங்களுதுங்க" என்றார் மாமா.

"இல்லீங்க, உங்களுது அதானுங்க" என்றார் அப்பா.

"பாத்து எடுங்க மாமா, அடியில பேர் போட்டிருக்கும்" என்றேன். அக்கா என் தொடையில் கிள்ளினாள். அடியில் பேர் இல்லை.

எது யாருடையது என்று தெரியாத சாமான் கடையைச் சேரும் என்பது வாடகைக்கடைச் சட்டம். ஆறுச்சாமி இரண்டையும் கரண்டிக் கூடையில் போட்டுக்கொண்டார். வீட்டில் மறுப்பு எதுவும் இல்லாததால் அம்மா இரண்டாம் காபி கலந்தாள்.

"சரி, அம்மிணிகிட்ட ஒரு வார்த்தை கேட்றலாமுங்க" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"சம்மதம்" என்றாள் அக்கா. அதே நொடியில் நவநீதனும் "சம்மதம்" என்றார்.

டெம்போவில் கயிறு கட்டிக்கொண்டிருந்த ஆறுச்சாமி நின்றார். கூடையை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். இரண்டு சம்மதத்தையும் புரட்டிப் பார்த்து, உள்ளே போட்டார்.

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. நவநீதன் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

நான் அவள் காதில் சொன்னேன். "வேற குரல்ல சொல்லுக்கா. யாருதோடயும் ஒட்டாத மாதிரி."

"எனக்கு யாரு குரல்டி வரும்?"

"தினமும் கேக்கறியே, நம்ம காலேஜ் பஸ் கண்டக்டர். மூக்கால பேசு. கொஞ்சம் சலிச்சுக்கோ."

அக்கா எழுந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். இரண்டு விரலை வாயில் வைத்து நீளமாக ஒரு விசில் அடித்தாள். மாப்பிள்ளையை நேராகப் பார்த்து, சுவரில் இரண்டு தட்டு தட்டினாள்.

"ரைட்! போலாம்!"

ஆறுச்சாமி தலையைச் சாய்த்துக் கேட்டார். "இது தனிங்க. இது உங்களுதுதான்" என்று கூடையோடு டெம்போவில் ஏறிப் போய்விட்டார்.

வீடு ஒரு குலுக்குக் குலுக்கி, மெதுவாக நகர ஆரம்பித்தது. அம்மா மாப்பிள்ளைக்கு ஜன்னலோர இடம் கொடுத்தாள்.

"தாராபுரம் நிக்குமுங்களா?" என்று கேட்டார் நாச்சிமுத்து மாமா.

பைபாஸில்தான் நிற்கும் என்றாள் அம்மா.