ஒரே கிளையில் இரண்டு ஊர்ச் சாமை

சித்தேரி மலையில் மேலூருக்கும் கீழூருக்கும் இருபது வருஷமாகப் பேச்சு இல்லை. திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை என்று முறுக்கிக்கொண்டவர்கள், பெண் கொடுப்பதோடு விதை கொடுப்பதையும் நிறுத்திவிட்டார்கள். ஆனால் சசிகலாவின் கணினி வரைந்த மரத்தில், மேலூர் பெரியண்ணன் வீட்டுச் சாமை கூச்சமே இல்லாமல் கீழூர்க் கிளையில் போய் உட்கார்ந்திருந்தது.

பதினெட்டு வீட்டுச் சாமையின் மரபணு எழுத்துகளை வரிசையாக அடுக்கி, எது எதற்கு நெருங்கிய பங்காளி என்று மரமாக வரைவதுதான் அவளுடைய ஆராய்ச்சி. மூன்று முறைகளில் கணக்கிட்டாள். சீட்டு எடுப்பதுபோல் எழுத்துகளைத் திரும்பத் திரும்பப் பொறுக்கி ஆயிரம் மரம் வரைந்தாள். தொள்ளாயிரத்து எண்பதில் அதே கிளைதான்.

"சாம்பிளை மாத்தி வச்சிருப்பே. காரணம் தெரியாம ஆய்வேடு போகாது," என்றார் பேராசிரியர். மூன்று வருஷ உழைப்பு.

பாப்பிரெட்டிப்பட்டியில் பஸ் பிடித்து மலையேறினாள். களத்தில் பெரியண்ணன் கதிரடித்த தாளை உதறிக்கொண்டிருந்தார். அவர் மனைவி கண்ணம்மாள் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். விதை எங்கிருந்து வந்தது என்று சசிகலா மறுபடி கேட்டாள்.

"எங்கப்பன் குடுத்த விதைங்க," என்றார் அவர், போன தடவை சொன்னதையே.

சசிகலா செல்போனில் மரத்தைக் காட்டினாள். "இது கீழூர் தீர்த்தகிரி வூட்டுச் சாமையோட ஒட்டியிருக்குதுங்க. நான்தான் கலந்துட்டேனோ என்னமோ."

கண்ணம்மாளின் கையில் முறம் நின்றது. விதைப்பானையைக் காப்பது பெண்கள். சசிகலாவோ பதினெட்டு வீட்டிலும் ஆண்களிடம் மட்டுமே கேட்டு எழுதியிருந்தாள். படித்த புத்தி அவ்வளவுதான் என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"நீ கலக்கல கண்ணு," என்றாள் கண்ணம்மாள். "மழையில்லாத வருஷம் இவங்க விதை முளைக்கல. தீர்த்தகிரி என் தம்பி; சண்டைக்கு முந்தியே நான் இங்க வாக்கப்பட்டு வந்துட்டேன். பஸ்ஸுல ஒரு பை போட்டுவுட்டான். பன்னண்டு வருஷமா அதுதான் வெளையுது." சொல்லிவிட்டுப் பயத்தோடு புருஷனைப் பார்த்தாள்.

பெரியண்ணன் ஒரு பிடி சாமையை அள்ளி உள்ளங்கையில் பரப்பினார்.

"எங்கப்பன் சாமை வெளுப்பு. இது கருப்பு. எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கலீங்க?" என்றாள் கண்ணம்மாள்.

"கேட்டிருந்தா அத வெதைக்கறத நீ நிறுத்தியிருப்ப. அப்புறம் உன் தம்பி வூட்டுதுன்னு உனக்கு என்னா இருக்கும்?"

கண்ணம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பெரியண்ணன் செல்போனை வாங்கி, கீழூர்க் கிளையில் இருந்த தன் பெயரை விரலால் தடவினார்.

"இத மாத்திடாதம்மா. அங்கியே இருக்கட்டும்."