மூவாயிரம் குஞ்சுகளும் ஒரு சாவியும்

ராசிபுரம் தாண்டியதும் தேவிப்ரியாவின் வேனைப் போலீஸ் மறித்தது. காலை பத்து மணி. சித்திரை வெயில் அதற்குள்ளேயே மண்டையைப் பிளந்தது. பின்னால் முப்பது பெட்டிகளில், பொரித்து ஒரு நாள்கூட ஆகாத மூவாயிரம் கோழிக்குஞ்சுகள். நாமக்கல்லில் ஏற்றியவை, அயோத்தியாப்பட்டணத்துப் பண்ணைக்குப் போக வேண்டும்.

வெள்ளை வேனில் குட்கா போவதாக யாரோ துப்புக் கொடுத்திருந்தார்கள். அந்த ரோட்டில் வெள்ளை வேனுக்கா பஞ்சம்? எஸ்.ஐ. அன்பழகன் லைசென்ஸ் பார்த்தார், ஆர்.சி. பார்த்தார், பெட்டி பெட்டியாகத் துழாவினார். குட்கா இல்லை. பத்து நிமிடத்தில் முடிந்த வேலை. ஆனாலும் வண்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ரோட்டோரச் சோதனைப் பந்தலின் நிழலில், மேசைக்குப் பின்னால் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

“மோப்ப நாய் வருது. அது பாத்ததும் போலாம்.”

“எப்பங்க வரும்?”

“வர்றப்ப வரும்.”

நாய்க்கு அப்படி என்ன சோலியோ, முக்கால் மணி நேரமாகியும் வரவில்லை. வண்டி ஓடினால்தான் குஞ்சுகளுக்குக் காற்று. தேவிப்ரியா கதவைத் திறந்துவைத்து அட்டையால் விசிறிப் பார்த்தாள். ஓரத்துப் பெட்டியில் இரண்டு குஞ்சுகள் காலை நீட்டிவிட்டன. அதைக் கண்டதும் பயத்தை விட்டுவிட்டு நேரே அன்பழகனிடம் போனாள்.

“ஏனுங்க சார், என்னைக் கைது பண்ணியிருக்கீங்களா?”

“அதெல்லாம் இல்லம்மா. சந்தேகம், அவ்வளவுதான்.”

“அந்தச் சந்தேகம் எத்தன நேரத்துக்குங்க செல்லும்? கைதுன்னா எழுதிக் குடுங்க, எங்கூட்டுக்குச் சொல்லியுடுங்க. இல்லீன்னா சாவியக் குடுங்க.”

“ரொம்பப் பேசுனா வண்டிய சீஸ் பண்ணிடுவேன்.”

“பண்ணுங்க. உள்ளார இருக்கறத எண்ணி எழுதோணுமில்லீங்க? ஒவ்வொண்ணா எண்ணுனாத்தான் நான் கையெழுத்துப் போடுவேன்.”

சொன்னதோடு நிற்கவில்லை. ஒரு பெட்டியைத் தூக்கிவந்து அவர் மேசைமேல் வைத்து மூடியைத் திறந்துவிட்டாள். கான்ஸ்டபிள் பொன்னன் கடமை தவறாதவர், எண்ணவே ஆரம்பித்துவிட்டார். முப்பத்தேழில் ஒரு குஞ்சு குதித்தது, மறுபடி ஒன்றிலிருந்து. இன்னொன்று வாகனப் பதிவேட்டில் ஏறி, அன்றைய தேதிக்கு நேராக எச்சமிட்டது. மூன்றாவது எஸ்.ஐ.யின் தொப்பிக்குள் குடிபுகுந்தது. ரோட்டில் போன பஸ் நின்றேவிட்டது. ஜன்னலுக்கு ஜன்னல் செல்போன் நீண்டது.

அன்பழகன் சாவியை மேசைமேல் எறிந்தார். “எடுத்துக்கிட்டுக் கெளம்பு, சாமி!”

பொன்னனும் அவளுமாகக் குஞ்சுகளைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டார்கள். கொஞ்ச தூரம் போனதும் எதிரே போலீஸ் ஜீப் ஒன்று வந்தது. ஜன்னலில் நாய் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தது. அவள் சிரித்துக்கொண்டே ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள்.

பண்ணையில் இறக்கியபோது அந்தச் சிரிப்பு போய்விட்டது. பண்ணைக்காரர் அருணகிரி செத்தவற்றை ஒதுக்கி வரிசையாக வைத்தார். பத்தொன்பது.

“வெயிலாம்மா?”

“போலீசுங்க.”

வேன் படியில் உட்கார்ந்து, மறித்த நேரம், விட்ட நேரம், எஸ்.ஐ. பெயர் எல்லாம் செல்போனில் டைப் செய்து, செத்த குஞ்சுகளின் படத்தோடு போலீஸ் மேலதிகாரிக்குப் புகார் அனுப்பினாள்.

“இதுல என்னாயிடப் போவுது?” என்றார் அருணகிரி.

“ஒண்ணும் ஆவாட்டிப் போவுதுங்க. அவரும் ஒரு மணி நேரம் எங்கியாச்சும் நின்னு பதில் சொல்லட்டும்.”