வெள்ளை வளையங்கள்

ஆசிட் பம்ப் வெடித்த சத்தத்தைத் தொடர்ந்து தம்பி வாசுவின் அலறல் கேட்டது. மலேசியாவின் கிள்ளான் தொழிற்சாலையின் சோதனைக் கூடத்திலிருந்த புனிதா பாய்ந்து ஓடினாள். முகத்தைப் பொத்திக்கொண்டு அவன் தரையில் புரண்டுகொண்டிருந்தான். சட்டை கரைந்து தோலோடு ஒட்டியிருந்தது. அவனைத் தரதரவென்று இழுத்துப்போய் அவசரக் குழாயைத் திறந்துவிட்டாள்.

"அக்கா, கண்ணு எரியுதுக்கா!"

"தொறந்து வை, தண்ணி படட்டும்!"

காலையில்தான் மேனேஜர் சுகுமாறனிடம் சண்டை பிடித்திருந்தாள். மருந்துப் பிரிவுக்காகக் காமா கதிரில் கிருமி நீக்கி வாங்கிய கசிவடைக்கும் டெஃப்லான் வளையங்களில் மீந்ததை அவன் பம்புக்குப் போடச் சொன்னான்.

"வேணாம் பாஸ், அது கதிர் பட்டது."

"டெஃப்லான ஆசிட் ஒண்ணும் பண்ணாது லா."

"ஆசிட் பண்ணாது, கதிர் பண்ணும். உள்ளே நீளநீளமா இருக்கிற இழைய எல்லாம் அறுத்துப் போட்டிருக்கும். பாக்க வெள்ளையா அப்படியேதான் இருக்கும். அழுத்தம் ஏறினா நொறுங்கிடும்."

கேட்காமல் அவள் தம்பியையே விட்டு மாட்டச் செய்திருந்தான்.

ஆம்புலன்ஸ் வாசுவை ஏற்றிக்கொண்டு போனது. பின்னாலேயே கிளம்பக் கார் சாவியை எடுக்கப் போனவள், சுகுமாறன் போனில் பேசுவதைக் கேட்டாள்: "பையன் வளையத்த மாட்டும்போது ஓவரா முறுக்கிட்டான்."

மீதி வளையங்கள் இருந்த பொட்டலம் அவன் கையில் இருந்தது. அதைப் பிடுங்கி, ஒன்றை எடுத்து அவன் கண்ணெதிரே வளைத்தாள். பிஸ்கட் போல இரண்டாக முறிந்து, முறிந்த இடத்தில் வெண்தூள் உதிர்ந்தது.

"இதையா முறுக்கினான்?"

அவன் போனை வீசிவிட்டு அவள் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினான். தலை கிறுகிறுத்தது. "குடு அத!" மூச்சு முட்டியது. மேசையில் கைக்கு அகப்பட்ட ஸ்பேனரால் அவன் மணிக்கட்டில் ஓங்கி அடித்தாள். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அவன் விழுந்த பிறகும் இன்னொரு முறை ஓங்கினாள். ஓடிவந்தவர்கள் பிடித்து நிறுத்தினார்கள்.

பொட்டலத்தை, விசாரிக்க வந்த தொழில் பாதுகாப்பு அதிகாரிகள் கையில் கொடுத்தபின்தான் உட்கார்ந்தாள். அந்தப் பிரிவுக்குச் சீல் வைத்தார்கள். சுகுமாறன் மேல் வழக்குப் பதிவானது. அவள் மேலும்.

வாசுவின் இடது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

"மறுத்துடுக்கா," என்றான் ஆஸ்பத்திரியில், இரு கண்ணையும் மூடிய கட்டுக்குள்ளிருந்து. "நீ அடிச்சத யாரும் பாக்கல, அப்புறம்தான் ஓடிவந்தாங்க."

"அடிச்சேன்னு போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன்டா."

அவன் தடவித் தடவி அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான்.